அப்பாவின் மருந்துப் போத்தல்களுக்கு ஒரு பூட்டுப்பெட்டி: ஒன்றரை வருடப் பாவனைக்குப் பிறகு

வாங்கிய பொருள்: இரும்புத் தகட்டுப் பெட்டி ஒன்று. நீளம் இரண்டடி, அகலம் ஒன்றேகால், உயரம் ஒன்றரை. மேலே மூடி, முன்னால் நாதாங்கி, ஆமைப்பூட்டு தனியாக வாங்கவேண்டும். விலை பதினாறாயிரத்து ஐந்நூறு. வாங்கியது திருகோணமலை டவுனில் ஒரு வெல்டிங் பட்டறையில். பெயர் சொல்லமாட்டேன், திட்டப்போகிறேன் என்பதால். பாவிக்கிறவர் அப்பா, இடம் தம்பலகாமம், வேலை வயலுக்கு அடிக்கிற கிருமிநாசினிப் போத்தல்களைப் பூட்டிவைப்பது.

வாங்கி ஒன்றரை வருடமாகிறது. இரண்டு பெரும்போகம், ஒரு சிறுபோகம் கண்டுவிட்டது. வாங்கின கிழமையே எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன், நல்லவேளை எழுதவில்லை.

முதலில் பெட்டியைப் பற்றி. பட்டறைக்காரர் பேசும்போது தடித்த தகடு என்றார். கையில் வந்தது அதைவிட மெல்லியது. மூடியின் நடுவில் அப்பா ஒருநாள் குந்தி இருந்து வெற்றிலை போட்டதில் பள்ளம் விழுந்து, இப்போது மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பிணைச்சல் வெளிப்பக்கமாக வைத்துத் தந்திருந்தார்கள். ஒரு திருகாணிச் சாவியும் ஐந்து நிமிடமும் இருந்தால் பூட்டைத் தொடாமலே பின்பக்கத்தால் திறக்கலாம், பிறகு பூட்டு எதற்கு? திரும்பக் கொண்டுபோய்ச் சண்டை பிடித்து, திருகாணித் தலைகளை வெல்டிங் வைத்து அடைத்து வாங்கினேன். அடியில் கால் இல்லை, தரையில் அப்படியே குந்துகிறது, ஈரம் ஏறுகிறது. கால் வைக்கச் சொன்னதற்கு "அதெல்லாம் கேட்டுச் செய்யிறதில்ல தங்கச்சி" என்றார். கேட்டுத்தானே செய்யச் சொன்னேன்!

அப்புறம் அதைக் கொண்டுபோன கதை. தம்பலகாமம் பஸ்ஸில் ஏற்றினேன். கொண்டக்டர் "என்ன அக்கா, சீதனப் பெட்டியா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். இறங்கிய இடத்தில் தம்பி மோட்டார் சைக்கிளோடு நின்றான். பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு வாய்க்கால் ரோட்டில் போன அந்த இருபது நிமிடத்துக்குக் கீழே திரும்பி வருகிறேன்.

நல்லதையும் சொல்லவேண்டும். வீட்டுக்குள் மருந்து மணம் இல்லை. முந்தி சோடாப் போத்தலில் மிச்ச மருந்தை ஊற்றி வைக்கிற பழக்கம் ஒன்று இருந்தது. எத்தனை வீட்டில் பிள்ளைகள் தண்ணீர் என்று எடுத்திருக்கிறார்கள்! பெட்டி வந்தபிறகு அப்பா அதை விட்டுவிட்டார்; லேபலோடு இருக்கிற போத்தல்தான் பெட்டிக்குள் போகும் என்று தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். அக்காவின் பிள்ளைகள் லீவுக்கு வந்தால் இப்போது எனக்குப் பயமில்லை. சின்னப்பிள்ளைகளுக்காகவும் வீட்டு நாய்க்காகவும் வாங்குகிறீர்கள் என்றால் தயங்காமல் வாங்குங்கள், பணம் வீண் போகாது. ஆனால் நான் அதற்காக வாங்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு சின்னம்மா இருந்தா, வவுனியாப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவ. 1994இல் தற்கொலை செய்து போய்விட்டா. எனக்கு அப்போது ஏழு வயது. காரணம் கேட்டபோதெல்லாம் ஒரு சண்டையைத்தான் சொன்னார்கள், அதுவும் அப்படிப் பெரிய சண்டை இல்லை, விடிந்தால் மறந்துபோகிற மாதிரி ஒன்று. ஒரு சண்டையால் ஒரு ஆள் சாவதில்லை என்று எனக்கு இப்போது தெரியும். அதற்கு முன்னால் எத்தனையோ இருந்திருக்கும், ஒருத்தரும் கேட்கவில்லை. ஆனாலும் அந்த ஒரு இரவைத் தாண்டியிருந்தால் சின்னம்மா இன்றைக்கு அறுபது வயதில் எங்களை அதட்டிக்கொண்டு இருந்திருப்பா என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவேயில்லை. 2022இல் தம்பிக்குக் கடன், வீட்டில் பிரச்சினை, ஆள் சாப்பாடு குறைந்து பேச்சும் குறைந்து போனான். ஒருநாள் அம்மாவிடம் ஏதோ சொல்லியிருக்கிறான், அம்மா எனக்குப் போன் எடுத்து அதைத் திருப்பிச் சொல்லமுடியாமல் அழுதா. அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்குவதாக முடிவெடுத்ததுதான் இந்தப் பெட்டி.

சரி, பெட்டி அந்த வேலையைச் செய்ததா?

முதல் போகத்தில் நடந்தது இது. பெட்டி வருவதற்கு முன்னால் அப்பாவின் போத்தல்கள் பாதிக்குமேல் வயல் வாடியின் முகட்டில் சொருகிக் கிடந்தன, வீட்டிலிருந்து நடக்க முக்கால் மணித்தியாலம். இரும்புப் பெட்டியை வாடியில் வைத்தால் பெட்டியோடு களவு போகும் என்று அப்பா அதை வீட்டு விறாந்தைக்குக் கொண்டுவந்தார். பெட்டி வீட்டில் இருப்பதால் வயலில் கிடந்த போத்தலும் வீட்டுக்கு வந்தது. அதாவது முக்கால் மணித்தியாலம் தூரத்தில் இருந்த ஆபத்தை என் சொந்தக் காசில் எட்டடி தூரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். திறப்பு எங்கே? சுவாமிப் படத்துக்குப் பக்கத்து ஆணியில். வீட்டில் உள்ள எல்லாருக்கும் தெரிந்த ஆணி. அடுத்த வீட்டுக்காரருக்கும் தெரியும், அவர் அங்கிருந்துதான் எங்கள் மண்வெட்டி அறைத் திறப்பை எடுப்பார்.

நான் கணக்கு எழுதுகிற வேலையில் இருக்கிறேன், எண்கள் கண்ணில் பட்டால் விடமாட்டேன். இது எங்கள் அப்பாவின் கூத்து மட்டுமா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. தெற்கிலும் இப்படிப் பெட்டி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், அங்கேயும் வயலில் இருந்த மருந்து வீட்டுக்கு வந்திருக்கிறது. 2007இல் அதை எழுதியும் வைத்திருக்கிறார்கள். நமக்கு யார் சொன்னது!

பிறகுதான் பெரிய ஆய்வு கையில் பட்டது. நம்முடைய பக்கத்து மாவட்டம் அநுராதபுரத்தில் 180 கிராமங்கள், 53,382 வீடுகள், இரண்டு இலட்சத்து இருபத்துமூவாயிரத்துக்கு மேல் சனம். பாதிக் கிராமத்துக்குப் பூட்டுப்பெட்டி கொடுத்தார்கள், மற்றப் பாதிக்குக் கொடுக்கவில்லை, யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிற மாதிரித் தீர்மானித்தார்கள். 2010 கடைசியில் தொடங்கி, மூன்று வருடம் பின்தொடர்ந்து, ஆஸ்பத்திரிக் கணக்கையும் மரணக் கணக்கையும் எண்ணினார்கள். 2017இல் லான்செட் என்கிற மருத்துவச் சஞ்சிகையில் முடிவு வந்தது. பெட்டி கொடுத்த கிராமங்களில் கிருமிநாசினியால் தனக்குத் தானே தீங்கு செய்தவர்கள் வருடத்துக்கு இலட்சம் பேரில் 293, கொடுக்காத கிராமங்களில் 318. வித்தியாசம் இருக்கிறதுபோலத் தெரியும், ஆனால் அந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. பெட்டி பிரயோசனப்பட்டதற்குச் சான்று இல்லை என்று ஒளிக்காமல் எழுதிவிட்டார்கள். பெட்டி உதவுமா என்று பார்க்கச் செய்த ஆய்வு, பெட்டிக்கு எதிராக முடிந்திருக்கிறது. அந்த நேர்மை எனக்குப் பிடித்தது, என் பதினாறாயிரத்து ஐந்நூறு போனது பிடிக்கவில்லை.

அப்படியானால் இலங்கையில் தற்கொலை குறைந்தது எதனால்? குறைந்திருக்கிறது, அதுவும் உலகத்தில் வேறெங்கும் அதிகம் பார்க்காத அளவுக்கு. 1995இல் இலட்சம் பேருக்கு 47 என்று இருந்தது, வருடத்தில் எண்ணாயிரத்துக்கு மேல் உயிர். 2005 ஆகும்போது 24 அளவுக்கு வந்தது, 2015இல் பதினைந்துக்குப் பக்கத்தில். இன்றைக்கும் வருடத்தில் மூவாயிரம் பேர் அளவில் போகிறார்கள், அது சின்னக் கணக்கில்லை. ஆனால் மூன்றில் ஒரு பங்காக இறங்கியிருக்கிறதே!

எங்கள் ஆட்களிடம் கேட்டால் உடனே "சண்டை முடிஞ்சுது, அதால குறைஞ்சுது" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் கோடு கீழே இறங்கத் தொடங்கியது 1996இல். யுத்தம் முடிந்தது 2009இல். நடுவில் பதின்மூன்று வருடச் சண்டை, சுனாமி, நமது பக்கம் மாவிலாறு, மூதூர், சம்பூர் எல்லாம் நடந்தது, கோடு பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. இன்னொன்று: யுத்தம் உக்கிரமாக இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் தற்கொலை குறைந்ததாக மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் தொண்ணூறுகளிலேயே எழுதியிருக்கிறார். ஆகவே சண்டை இருந்தால் கூடும், முடிந்தால் குறையும் என்கிற கணக்கு இரண்டு பக்கத்தாலும் பொருந்தவில்லை.

பொருந்துகிற கணக்கு கடைத் தட்டில் இருக்கிறது. 1980இல் 33ஆம் இலக்கக் கிருமிநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பேராதனையில் கிருமிநாசினிப் பதிவாளர் என்று ஒருத்தர், அவர் பதியாத மருந்தை நாட்டுக்குள் விற்கமுடியாது. 1984இல் கொடிய மருந்துகள் சிலதை நிறுத்தினார்கள். 1995இல் உலக சுகாதார அமைப்பு முதலாம் வகுப்பு என்று வைத்திருக்கிற கடும் நச்சு மருந்துகளில் மிச்சமிருந்ததையும் நிறுத்தினார்கள். 1998இல் இன்னொன்று, பிறகு 2008க்கும் 2011க்கும் இடையில் கட்டம் கட்டமாக மூன்று. பெயர்களை எழுதவில்லை, தேவையுமில்லை. 1995 தடையிலிருந்து தொடங்கி மரணக்கோடு படிப்படியாக இறங்கியிருக்கிறது. இருபது வருடத்தில் இந்தத் தடைகளால் 93,000 உயிர் தப்பியதாகக் கணித்திருக்கிறார்கள். அரசாங்கத்துக்கு ஒரு உயிருக்கு ஐம்பது டொலர்கூடச் செலவாகவில்லை. என் ஒரு பெட்டியே கிட்டத்தட்ட அந்த விலை.

இதில் என்னைத் தூங்கவிடாமல் செய்த விசயம் ஒன்று. தடைக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் தொகை அந்த அளவுக்குக் குறையவில்லை. சண்டை பிடித்தவர்கள் பிடித்தார்கள், கடன்பட்டவர்கள் பட்டார்கள், ஆத்திரத்தில் கைநீட்டியவர்கள் நீட்டினார்கள். ஆனால் கைக்கு வந்தது முந்தின மாதிரிக் கொடியது இல்லை, ஆகவே வாட்டில் கண்விழித்தார்கள். வட மத்திய மாகாணத்தில் அப்படிக் கண்விழித்தவர்களிடம் கேட்டிருக்கிறார்கள்: எவ்வளவு நேரம் யோசித்தீர்கள்? பாதிக்கு மேற்பட்டவர்கள் அரை மணித்தியாலம்கூட இல்லை என்றார்கள். அரை மணித்தியாலம்! தம்பலகாமத்திலிருந்து டவுனுக்கு வருகிற பஸ் நேரம். அந்த நேரத்துக்குள் எது கைக்கெட்டியது என்பதில்தான் சின்னம்மா போனதும் மற்றவர்கள் இருப்பதும் என்று நினைக்கும்போது எனக்கு 1994மேல் ஆத்திரம் வருகிறது, 1995 தடை இன்னும் ஒரு வருடம் முந்தி வந்திருக்கக்கூடாதா என்று.

ஒரு இடைச்செருகல், இதைச் சொல்லாவிட்டால் வயல்காரர்கள் என்னை அடிக்க வருவார்கள். 2021இல் கோட்டாபய காலத்தில் இரவோடிரவாக உரத்தையும் மருந்தையும் ஒட்டுமொத்தமாக நிறுத்தினார்களே, அந்தத் தடையை இதோடு போட்டுக் குழப்பாதீர்கள். மே மாதம் நிறுத்தி, சனம் ரோட்டுக்கு வந்து, நவம்பரில் எடுத்தார்கள். எங்கள் வயலில் அந்தப் பெரும்போகம் பாதியும் தேறவில்லை, தம்பியின் கடன் தொடங்கினதும் அங்கேதான். நான் சொல்கிற பழைய தடைகள் வேறு மாதிரி: கொடியது ஒன்றை எடுத்தால் அதே பூச்சிக்கு வேறொன்று கடையில் இருந்தது. அந்தத் தடைகளால் நெல் விளைச்சல் குறையவில்லை என்பதையும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அப்பாவிடம் கேட்டேன். "அந்தக் காலத்து மருந்து நல்ல சுறுக்கு" என்று கொஞ்சம் ஏக்கத்தோடு சொல்லிவிட்டு, "ஆனா நெல்லு இப்ப கூடத்தான் விளையுது" என்றார்.

சென்னையில் இருக்கிற மச்சாளுக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். "ஊரில இருக்கிற நீங்களா இதைப் பற்றிக் கதைக்கிறீங்கள்? இது நகரத்து வருத்தம்" என்றாள். அவள் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. இந்தியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021 கணக்கில் பெரிய நகரங்களில் டில்லிக்கு அடுத்து சென்னை, 2,699 பேர். அங்கே காரணப் பட்டியல் வேறு, பரீட்சை, வேலை, வாடகை, தனிமை. ஆனால் இலங்கையில் படம் தலைகீழ். கொழும்பைவிட வயல் மாவட்டங்கள்தான் இதில் முன்னுக்கு நின்றவை, குடியேற்றத் திட்டங்கள் வந்த வறண்ட பகுதிகள், நம்மைச் சுற்றி உள்ளவை. ஊரில் ஆட்கள் கூடக் கவலைப்படுகிறார்கள், நகரத்தில் குறைவாகக் கவலைப்படுகிறார்கள் என்பதல்ல. ஊரில் ஒவ்வொரு விறாந்தையிலும் ஒரு போத்தல் நின்றது, அவ்வளவுதான்.

நகரத்துக்கும் இதே கணக்குப் பொருந்தும் என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. அங்கே ஒரு காலத்தில் அநேக வீட்டுக் குசினிகளில் நிலக்கரியிலிருந்து எடுத்த நச்சு வாயுதான் எரிந்தது. அறுபதுகளில் தொடங்கி அதை மாற்றி நச்சில்லாத இயற்கை வாயு கொடுத்தார்கள், உயிரைக் காக்கவென்று அல்ல, மலிவென்று. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 1963இல் 5,714 ஆக இருந்த தற்கொலை 1975இல் 3,693 ஆனது. அந்த வழி அடைபட்டவர்கள் எல்லாரும் வேறு வழி தேடிப் போகவில்லை. "சாக நினைச்சவன் எப்பிடியும் சாவான்" என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்கிற வசனத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியாது. மச்சாளின் வீட்டில் பூட்டவேண்டியது மாத்திரை அலுமாரி. மாமாவுக்குப் போன வருடம் எழுதின மாத்திரை மிச்சமெல்லாம் அதில் கிடக்கிறதாம், எடுத்துக் கழிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அவளும் சும்மா இருக்கவில்லை, பதிலுக்கு ஒன்று சொன்னாள். 1986இல் லட்சுமி விஜயகுமார் என்ற மனநல வைத்தியர் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அதே வைத்தியர் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பெட்டி கொடுக்காமல், ஊருக்கு ஒரு பொது அறை கட்டி, வங்கி லொக்கர் மாதிரி ஆளுக்கொரு தட்டு கொடுத்துப் பார்த்திருக்கிறார். திறப்பு இரண்டு, ஒன்று விவசாயியிடம், மற்றது அறையைப் பார்க்கிறவரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். சின்ன முயற்சிதான், அநுராதபுரம் மாதிரிப் பெரிய எண்ணிக்கை இல்லை, ஆனால் மரணம் குறைந்ததாக எழுதியிருக்கிறார்கள். இந்த இரண்டாவது திறப்புத்தான் என் மண்டையில் ஏறியது. பூட்டில் ஒன்றுமில்லை, அதைத் திறக்க இன்னொரு மனிதரின் முகத்தைப் பார்த்தாகவேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதனால் போன சிறுபோகத்துக்கு முன்னால் வீட்டில் கூட்டம் போட்டேன். திறப்பை ஆணியிலிருந்து எடுக்கவேண்டும். அப்பாவுக்குக் கோபம், "என்ர மருந்துக்கு நான் ஆரிட்ட கேக்கிற?" என்று. அப்போது தம்பிதான் சொன்னான், நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அம்மாட்ட குடுங்கோ அப்பா. எனக்கும் அது நல்லம்." அதற்குமேல் ஒருத்தரும் பேசவில்லை. அம்மா திறப்பை அலுமாரித் திறப்புக் கொத்தோடு கோர்த்து இடுப்பில் சொருகிவிட்டா.

அவன் அப்படிச் சொல்லக்கூடியதாக இருந்தது அந்த மோட்டார் சைக்கிள் இருபது நிமிடத்தால். பெட்டி எதற்கு என்று அவனே கேட்டான். பாம்பு, பிள்ளைகள் என்று ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தேன். பிறகு நேராகவே கேட்டுவிட்டேன், சாகவேணும் மாதிரி இருக்குதாடா என்று. கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று அதுவரை பயந்துகொண்டிருந்தேன். அப்படி நடப்பதில்லை என்றுதான் இதைப் பற்றிச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன, எனக்கு அன்றைக்கு அது தெரியாது. அவன் சைக்கிளை வாய்க்கால் கட்டில் நிற்பாட்டினான். "சில இரவுகளில இருக்குது அக்கா" என்றான். பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு வெயிலுக்குள் நின்று கதைத்தோம், கடன் எவ்வளவு, யாருக்கு, எந்தத் திகதி என்று ஒவ்வொன்றாக. அடுத்த கிழமை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது ஆள் பரவாயில்லை, முழுக்கச் சரி என்று சொல்லமாட்டேன், கிளினிக்கில் தந்த மருந்தை எடுக்கிறான், சாப்பிடுகிறான், கரப்பந்துக்குப் போகிறான். இதைப் பெட்டியின் கணக்கில் எழுதுவதா, பஸ்ஸின் கணக்கில் எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

பெட்டி மூடியின் உட்பக்கத்தில் வெள்ளைப் பெயின்ட் மார்க்கரால் 1926 என்று பெரிதாக எழுதிவைத்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு "இது பெட்டி செஞ்ச ஆண்டோ பிள்ளை?" என்றார். தேசிய மனநல நிறுவனத்தின் இலவச இலக்கம் அப்பா, இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம் என்று விளங்கப்படுத்தினேன். கொழும்புப் பக்கம் 1974இலிருந்து, மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்கிற சுமித்ரயோ என்கிற அமைப்பு இருக்கிறது, 1333 என்றும் ஒரு இலவச இலக்கம் இருக்கிறது. அதையும் எழுத இடம் இருந்தது, பக்கத்தில் எழுதினேன். "போன் எடுத்தா பொலிஸ் வருமோ?" என்று அம்மா கேட்டா. இந்தக் கேள்வி நம் ஆட்களிடம் இன்னும் இருக்கிறது. ஒரு காலத்தில் தற்கொலை முயற்சி இங்கே குற்றம்தான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவே சனம் பயந்தது. 1998இல் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் எங்கள் அம்மா வரைக்கும் செய்தி வரவில்லை என்றால் பத்திரிகைகள் என்ன செய்துகொண்டிருந்தன?

பத்திரிகை என்றதும் இன்னொரு எரிச்சல். "தவறான முடிவெடுத்து உயிரை மாய்த்தார்" என்று ஒரு வசனம் அச்சுக்கட்டை மாதிரி வைத்திருக்கிறார்கள், ஆளின் பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். படமும் ஊரும் போடுகிறார்கள், எப்படி என்பதையும் விலாவாரியாக எழுதுகிறார்கள், கடைசியில் 1926 என்று ஒரு வரி போட மட்டும் இடமில்லை. அரை மணித்தியால நெருக்கடியில் இருந்த மனிதரைப் பார்த்து முடிவு சரி, பிழை என்று புள்ளி போடுவதற்கு இவர்கள் யார்?

சரி, பெட்டிக்கு வருவோம். வாங்கலாமா என்றால், வாங்குங்கள், ஆனால் பட்டறையில் நின்று இதையெல்லாம் பார்த்து வாங்குங்கள்: பிணைச்சல் உள்ளே இருக்கட்டும், அடியில் இரண்டங்குலக் கால் வைக்கட்டும், மூடி குந்தினாலும் நெளியாத தகடாக இருக்கட்டும், பக்கத்தில் நாலு காற்றுத் துளை. பிளாஸ்டிக் பெட்டியும் பார்த்தேன், துருப்பிடிக்காது, ஆனால் நம்முடைய வெயிலுக்கு நாலு வருடத்தில் வெடித்துப்போகும் போலத்தான் தெரிந்தது. வயலில் வைக்கக்கூடியவர்கள் வயலிலேயே வையுங்கள், கொங்கிரீட் போட்டுப் புதைத்து வைத்தால் களவும் போகாது, வீட்டுக்கும் வராது. தேவைக்குமேல் வாங்கிச் சேர்க்காதீர்கள். கமநல சேவை நிலையத்தில் கேட்டால் எந்தப் பூச்சிக்கு எவ்வளவு என்று சொல்வார்கள், மிச்சம் வராத அளவுக்கு வாங்கினால் பெட்டியே பாதி காலியாகத்தான் கிடக்கும். வீட்டில் யாராவது கஷ்டத்தில் இருந்தால் பெட்டியை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள், அந்த ஆளோடு கதையுங்கள், அந்தக் காலம் கழியும் வரைக்கும் மருந்தை வீட்டை விட்டே அப்புறப்படுத்துங்கள். நாங்கள் நாலு மாதம் பெரியப்பாவின் வீட்டில் வைத்திருந்தோம், அவர் காரணம் கேட்கவில்லை.

புள்ளி கேட்கிறவர்களுக்கு: பெட்டிக்கு ஐந்துக்கு இரண்டரை, பட்டறைக்கு ஒன்று, அம்மாவின் இடுப்புக்கு ஐந்து. அப்பா இப்போது மருந்தடிக்கிற காலையில் அம்மாவின் முன்னால் வந்து நின்று "திறப்பைத் தாருமப்பா" என்கிறார். அம்மா உடனே கொடுப்பதில்லை, எந்த வயலுக்கு, எவ்வளவு, சாப்பிட்டாச்சா என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறா. பெட்டியின் அடியில் துரு ஏறத் தொடங்கிவிட்டது. வாற ஐப்பசிக்கு முன்னால் செங்கல் நாலு வைத்துத் தூக்கி, ஒரு கோட் பெயின்ட் அடிக்கவேண்டும். தம்பி அடிக்கிறேன் என்றிருக்கிறான்.